துணிக்குள் சுற்றி வந்த லொறிக் கம்பியூட்டர்

2008ஆம் ஆண்டு, பெரும்போக நெல் அறுவடை தொடங்கியிருந்த நேரம். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், பொலன்னறுவையைத் தாண்டியிருந்த ஒரு சோதனைச் சாவடியில் நடந்தது இது.

எங்கள் வீடு மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம். என் கணவர் பழைய ஜப்பான் லொறி ஒன்று வைத்து ஓடினார். வயல் வட்டைகளிலிருந்து ஆலைக்கு நெல் ஏற்றுவதுதான் அதன் வேலை. அது சுனாமியில் அகப்பட்ட லொறி. கரையோரத்தில் ஒருவரின் வளவுக்குள் நின்றதைக் கடல் தூக்கிக்கொண்டு போய் ஒரு மதிலோடு சாத்தியிருந்தது. மறுவருடம் அவர் விற்றார், இவர் வாங்கினார். கழற்றிக் கழுவிப் பூட்டியதில் மூன்று வருடம் குறை சொல்லாமல் ஓடியது.

பிறகு லொறிக்கு ஒரு வருத்தம், தீராத நோய்போல, வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், இன்ஜின் சூடானதும் திடீரென்று நின்றுவிடும். ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். டீசல் தாங்கியைக் கழுவினார்கள், பில்டர் மாற்றினார்கள், பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள். நிற்பது நிற்கவில்லை.

ஒருநாள் நெல் மூட்டைகளோடு வலையிறவுப் பாலத்தில், இராணுவக் காவலரணுக்கு நேரே போய் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் காவலரணுக்கு முன்னால் தானாக நிற்கும் லொறி என்றால் குண்டு லொறி என்றுதான் அர்த்தம். துவக்கை நீட்டிக்கொண்டு கத்தினார்கள். இவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கி, வெயிலில் முழங்காலில் இருந்தாராம், மூட்டை எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்து முடியும்வரை. வீட்டுக்கு வந்து சோறு கேட்கவில்லை. “இனி இதைச் சரியாக்காமல் எடுக்க மாட்டன்” என்று மட்டும் சொன்னார்.

ஏறாவூரிலிருந்து வாகன வயரிங் வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் இருக்கைக்குப் பக்கத்திலிருந்த தகட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து ஓர் அலுமினியப் பெட்டியை எடுத்தார். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு.

“இதுதான் இன்ஜின்ட கம்பியூட்டர். எவ்வளவு டீசல் குடுக்கிற, எப்ப குடுக்கிற எண்டு சொல்றது இதுதான். உப்புத்தண்ணி குடிச்சிரிக்கி. திருத்தேலா. இதே நம்பர்ல வேற ஒண்டு போடணும். கொழும்புலதான் எடுக்கலாம்” என்றார்.

கொழும்புக்கு யார் போவது? எங்கள் பக்கத்துத் தமிழ் ஆண்கள் கொழும்புக்குப் போனால், எங்கே பிடிபடுவார்கள், எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாத நாட்கள் அவை. ஆகவே நான் போனேன். லொறியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியின் நம்பரைப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

கொழும்பில் இருந்த ஒன்றுவிட்ட அக்கா, பழைய வாகனச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்கு என்னைக் கூட்டிப்போனார். பல கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒன்றில் கிடைத்தது. உடைத்த லொறி ஒன்றிலிருந்து கழற்றிய பெட்டி. அவசரத்தில் கழற்றினார்களோ என்னவோ, வயர் மாட்டும் செருகியோடு சேர்த்து வயர்களையும் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்திருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கொத்தாகத் தொங்கியது. அடிபடக்கூடாதே என்று அதைப் பழைய சேலையில் சுற்றி, பைக்குள் உடுப்புகளுக்கு நடுவில் வைத்தேன். பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசிக்கவேயில்லை.

சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பைகளோடு வரிசையில் நடக்க வேண்டும். பெண்களுக்குத் தகரக் கொட்டில் ஒன்றில் தனிச் சோதனை. அங்கே இருந்த இராணுவப் பெண் சேலையைப் பிரித்தாள். வயர்க் கொத்தைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு வெளியே ஓடினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விசில் ஊதினார்கள். ஆட்களைத் தூரத்துக்கு விரட்டினார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து வந்த பெண், தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தபடியே போனாள். பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். மண் மூட்டைகளுக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்தார்கள். பெட்டி கொட்டிலுக்குள் மேசையில் கிடந்தது.

ஓர் அதிகாரி வந்து சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் “லொறியின் கம்பியூட்டர்” என்றேன். லொறிக்கு எங்கே கம்பியூட்டர், அப்படியென்றால் ஏன் சேலைக்குள் ஒளித்தாய் என்றார். அதற்குமேல் விளங்கப்படுத்த எனக்குப் பாஷை போதவில்லை.

கொஞ்சம் தள்ளி, சோதனைக்கு நின்ற லொறிகளின் வரிசை இருந்தது. அதில் ஒன்றின் சாரதியை, சிங்களமும் தமிழும் தெரிந்தவர் என்று மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் மனிதர், ஐம்பது வயதிருக்கும், சாரனும் சட்டையும், எங்கள் பக்கத்தில் அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிடும் ஆள். அதிகாரி சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“தங்கச்சி, குண்டு பாக்கிற ஆக்களக் கூப்பிடப் போறாங்களாம். அவங்க வந்து இத வெடிக்க வச்சிருவாங்க. நீங்க விசாரணைக்கிப் போகணுமாம்.”

நான் அழவில்லை.  அவ்வளவுதான்.

அவர் தூரத்திலிருந்தே கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்ன லொறி, என்ன இன்ஜின் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அதிகாரியிடம் திரும்பி ஏதோ நீளமாகக் கதைத்தார். அதிகாரி அவரோடு அவருடைய லொறிவரை போனார். சாரதி இருக்கைக்குப் பக்கத்துத் தகட்டைக் கழற்றிக் காட்டினார் போலிருக்கிறது. இருவரும் திரும்பி வந்ததும் சாரதி என்னிடம் சொன்னார்.

“என்ட லொறியும் இதே இனம்தான். இதே பெட்டி என்ட லொறியிலயும் இரிக்கி எண்டு காட்டினன். வெளித் தோற்றம் ஒண்டுதான், உள்ளுக்க என்ன இரிக்கெண்டு யாருக்குத் தெரியும் எண்டு கேக்கிறார். அப்ப என்டதக் கழட்டிப்போட்டு இதப் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறன் எண்டு சொல்லிட்டன்.”

அதிகாரி இன்னொன்றும் சொல்லியிருந்தார். சாவியைத் திருப்பும்போது நானும் லொறிக்குள் இருக்க வேண்டும்.

சாரதி தானே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். அதை இரண்டு கையாலும் பிடித்தபடி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இது உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச கடையில வாங்கினதா, தங்கச்சி?”

அந்தக் கேள்வி வரும்வரை நான் அதைப் பற்றி நினைத்தே பார்க்கவில்லை. யாரோ ஒருவரின் கடை. உள்ளே இருந்து எடுத்துவந்து தந்தார்கள். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு என்ன தெரியப் போகிறது?

“தெரியா நானா. முதல்தரம்தான் அந்தக் கடைக்குப் போன நான்” என்றேன்.

அவர் பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, “சரி, ஏறுங்க” என்றார்.

லொறியை வரிசையிலிருந்து விலக்கி, வெட்டையான வெளியில் நிறுத்தியிருந்தார்கள். இராணுவத்தினர் மண் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். மற்றச் சாரதிகளும் தூரத்தில் நின்றார்கள். அவர் தன் பெட்டியைக் கழற்றி இருக்கையில் வைத்தார். வயர்க்கொத்தோடு கிடந்த பழைய செருகியை என்னுடைய பெட்டியிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, தன் லொறியின் செருகியை அதில் மாட்டினார். உதடு அசைந்தது, ஓதினார் என்று நினைக்கிறேன். நான் மாமாங்கப் பிள்ளையாரை நினைத்தேன். பிறகு என் கணவருக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை.

அவர் குனிந்து செருகியை விரலால் அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுபடியும் திருப்பினார். லொறி ஒருமுறை குலுங்கி, கரும்புகை கக்கி, ஸ்டார்ட் ஆனது.

அவர் உடனே நிறுத்தவில்லை. காலால் மிதித்து இன்ஜின் வேகத்தை ஏற்றி இறக்கி, சத்தத்தைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி நடந்து வந்து, கதவருகே நின்று அவரும் கேட்டார். பிறகு கையைக் காட்டினார், போதும் என்று.

பெட்டியைக் கழற்றித் தோள் துவாயால் துடைத்து என் மடியில் வைத்துவிட்டு, “நல்ல சாமான். பயப்படாமக் கொண்டு போய்ப் போடுங்க” என்றார் அந்த மனிதர், ஏதோ அதைச் சோதித்துப் பார்க்கத்தான் நான் வந்ததுபோல.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “நான் தெரியா எண்டு சொன்ன பிறகும் ஏன் நானா ஏறினீங்க?”

“பொய்க்காரியெண்டா தெரிஞ்ச கடை எண்டுதானே சொல்லியிருப்பீங்க” என்றார்.

வரிசையில் அவருடைய இடம் போய்விட்டது. லொறியைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் அதைச் சொல்ல, “லைன்தானே, போகும்” என்று கையை அசைத்தார். அதிகாரி என்னை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வழியில் அடுத்திருந்த சாவடிக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்க வேண்டும். அங்கே என் பையை யாரும் திறக்கவில்லை.

ஏறாவூர்க்காரர் வந்து பெட்டியைப் பூட்டினார். அந்த அறுவடை முழுக்க லொறி ஓடியது, ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நடந்ததைச் சொன்னபோது என் கணவர் அந்தச் சாரதியின் லொறி நம்பரைக் கேட்டார். எனக்கு அதைப் பார்க்கத் தோன்றியிருக்கவில்லை. அடுத்த வருடம் யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு, ஓட்டமாவடியில் லொறிகள் நிற்கும் இடத்தில் இரண்டு மூன்று முறை விசாரித்தோம். அப்படிப்பட்டவரை யாருக்கும் தெரியவில்லை. ஒருவேளை அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார்.

முன்பின் தெரியாத ஒருவருக்காக, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பெட்டியின் முன் அமர்ந்து நான் சாவியைத் திருப்பியிருப்பேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். திருப்பியிருப்பேன் என்று துணிந்து சொல்ல இன்றுவரை என்னால் முடியவில்லை.