மஞ்சள் வட்டம்

பொன்னேரியில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கும் அந்தப் பெண்ணின் விரல் நுனியில் எப்போதும் மஞ்சள் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். இரும்பு வார்க்கும் பவுண்டரியில் அவருக்குச் சோதனை வேலை. வார்த்த இரும்பில் விரிசலோ பொத்தலோ கண்ணில் பட்டால் அதைச் சுற்றி வட்டம் போடுவார். வட்டம் விழுந்தது மறுபடி உலைக்குப் போய்விடும்.

ஒரு நாள் காலை, எதிரில் உட்கார்ந்திருந்த என்னிடம் செல்போனை நீட்டினார். சில நிமிட இடைவெளியில் வானத்தை எடுத்த நான்கு படங்கள். புதிய சிறுகோள்களைத் தேடும் குழு ஒன்று ஆர்வலர்களுக்கு அனுப்பியவை.

"எல்லாம் புள்ளியாத்தானே இருக்குது?" என்றேன்.

"நல்லா பாருங்க சார். மத்ததெல்லாம் அங்கயே கீது. இது மட்டும் நவுந்துக்கினே போவுது. நட்சத்திரம்னா நவுராது. இது கல்லு, சூரியன சுத்திக்கினு கீது."

விரலால் அதற்கும் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். இதுவரை யாரும் பார்க்காத சிறுகோள்தான் என்று முந்தின நாள் குழுவிடமிருந்து பதில் வந்திருந்ததாம்.

வண்டி நின்றது. ஷிப்டுக்கு எல்லோரும் ஓட, அவர் மட்டும் நிதானமாகச் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

"பத்து வருசமா நான் வட்டம் போட்டதெல்லாம் உலைக்குத்தான் போச்சு சார்," என்றார். "இத்த எவனாலயும் உருக்க முடியாது."