கருங்கலிலிருந்து ஜெஸ்லினின் திலேப்பியாக் குளத்துக்கு

மூத்த பேரன் பெங்களூரில் இன்ஜினியர். அவன் தம்பி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். சின்ன மகள் வீட்டுப் பேத்தி நீளம் தாண்டுதலில் மாவட்டத்தில் இரண்டாவது. இன்னொரு பேத்தி ஜெஸ்லின் குவைத்தில் ஆறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துத் திரும்பி, கீரிப்பாறை போகும் வழியில் சொந்தமாக மீன்குளம் வெட்டியவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன்.

அந்த ஜெஸ்லின்தான் போனில், "குளத்த மூடிட்டு குவைத்துக்கே போறேன் பாட்டி" என்றாள். ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை புறப்பட்டுவிட்டேன்.

காலை 6.40க்கு கருங்கலில் டவுன் பஸ். பெண்களுக்குக் காசு இல்லை. நாகர்கோவிலில் 8.15க்கு கீரிப்பாறை பஸ். தடிக்காரன்கோணத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் ஆட்டோ, அறுபது ரூபாய்.

"மீன்குளத்துப் பிள்ளைக்க வீட்டுக்கா? அங்க கிடக்குறது மீனா, நெத்திலியா பாட்டி?" என்றார் ஆட்டோக்காரர்.

"ரோட்டப் பாத்து ஓட்டும்" என்றேன்.

ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. குளம் முழுக்க விரல் நீளப் பொடிமீன். திலேப்பியா மூன்று நாலு மாதத்திலேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கும். குளம் நிறைந்து, தீனி பங்காகி, எதுவும் வளராது. அதற்காகத்தான் ஜெஸ்லின் ஒவ்வொரு மீனையும் மல்லாத்தி, துளை தெரிய அடிவயிற்றில் சொட்டுநீலம் தொட்டுப் பார்த்து, இரண்டு துளை ஆண், மூன்று துளை பெண் என்று பிரித்து, ஆணை மட்டும் வளர்த்தாள். தப்பிப்போன ஏழெட்டுப் பெண் மீன்களையும் கிறிஸ்துமஸுக்கு முன் வலைபோட்டுப் பிடித்து, கறிக்கென்று சிமெண்டுத் தொட்டியில் விட்டிருந்தாள்.

"பச்சப்பிள்ளைக்கு நரம்பு கண்டுபிடிச்ச கண்ணு பாட்டி இது. மீன்ல தப்பாப் போச்சு. எனக்கு இந்தத் தொழில் ஆவாது."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, தொட்டியில் ஒரு தாய்மீன் வாயிலிருந்து குஞ்சுகளை வெளியே விட்டது. என் நிழல் விழுந்ததும் அத்தனையையும் திரும்ப வாய்க்குள் வாங்கிக்கொண்டது. அதை எப்படி அரிவது? தொட்டியிலிருந்த எல்லாவற்றையும் வாளியில் கோரிக் குளத்தில் விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை; தொட்டி காலியானதைக் கண்டு பூனை தின்றதென்று ஜெஸ்லின் நினைத்துக்கொண்டாள்.

ஜெஸ்லின் என்னையே பார்த்தாள். "அப்போ நான் பிரிச்சது சரிதானா?"

"உனக்க கண்ணுக்கு ஒரு கேடும் இல்லட்டி மக்கா. நான்தான் கள்ளி."

"கள்ளிக்கு கேக்கும் வைனும் தந்து அனுப்பினேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக மோட்டாரைப் போட்டாள்.

பதினொன்றுக்குத் தொடங்கி நாலுக்குக் குளம் வற்றியது. பெரிய ஆண் மீன்கள் தொட்டிக்குப் போயின, பெண் மீன்கள் இந்தமுறை கறிச்சட்டிக்கே. பொடியெல்லாம் பக்கத்து வீட்டுத் தாரா வாத்துகளுக்கு. குளம் காய்ந்தபின் ஆண்களைத் திரும்ப விட்டு, கூடக் கொஞ்சம் விரால் குஞ்சும் விடுவாளாம். தப்பிப் பிறக்கும் பொடியை அது தின்றுவிடும்.

"குவைத்து?" என்று கேட்டேன்.

"நீங்க வாளியத் தொடாம இருந்தா, இங்கயே இருக்கேன்."

மீன் வளர்க்க நினைப்பவர்கள் நேரில் போய்ப் பாருங்கள். காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் அங்கே மழை. திரும்ப 5.10க்கு பஸ் உண்டு. தொட்டியில் கிடக்கும் மீன்மேல் இரக்கம் வந்தால், வளர்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இரக்கப்படுங்கள்.

ஜெஸ்லின், உன் குளத்துக்கான இந்த ஃபேஸ்புக் பக்கத்தின் படத்தில் இன்னமும் நீ நர்ஸ் உடுப்பில் நிற்கிறாய். அதை எடுத்துவிட்டு, முழங்கால் சேற்றோடு ஒன்று எடுத்துப் போடு மக்கா.