மஞ்சள் திரையில் தொலைந்த அம்புக்குறி

காலை எட்டரை மணிக்குக் கப்பல் கணக்குப் போடும் திரையைத் திறந்தேன். திரை வந்தது, அம்புக்குறி வரவில்லை.

அந்த அம்புக்குறி என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கணக்கு நிரலில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. திறந்தால் வலப்பக்கம் பார்க்கிற ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் நிற்கும். புரொம்ப்ட் என்பார்கள். ‘நான் தயார், நீ கட்டளையைச் சொல்’ என்பதுதான் அதன் பொருள். நான் ஒன்றை அடிக்க, அது ஒரு கேள்வி கேட்க, நான் பதில் சொல்ல, இப்படியே போய்க் கடைசியில் கப்பலில் எத்தனை தொன் சரக்கு இறங்கியது என்று சொல்லிவிடும். அது நிற்கிற இடத்தில் அன்று கட்டம் போன்ற ஒரு பொட்டு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்திருப்பேன். அன்று அப்படி இருக்க ஏலாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறையில் இயங்குகிற எங்கள் சின்ன அலுவலகத்தில், கப்பலின் உடம்பில் எழுதியிருக்கும் ஆழ எண்களை வாசித்துக் கொழும்புக்கு அனுப்புவது மட்டும்தான் முன்பு வேலை. கணக்கைத் தலைமை அலுவலகம் போடும். ‘ஏன், எங்களுக்குக் கணக்குத் தெரியாதா?’ என்று ஒரு கூட்டத்தில் நான் வாயை விட்டுவிட்டேன். சரி, மூன்று மாதம் போட்டுக் காட்டுங்கள் என்றார்கள். கோதுமையை இறக்கிவிட்டுக் கிளம்பவிருந்த அன்றைய கப்பல்தான் அந்த மூன்று மாதத்தின் கடைசிக் கப்பல். பகல் பன்னிரண்டுக்குள் எங்கள் கணக்குப் போக வேண்டும். போகாவிட்டால் இந்தக் கணக்கு வேலை திரும்பக் கொழும்புக்கு, வேலையோடு நானும் கொழும்புக்கு.

என் கணவர் பக்கத்து ஊரான கப்பல்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். மகள் இங்கே திருகோணமலை டவுனில் படிக்கிறாள். நான் மட்டும் கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு வீட்டோடு ஒட்டிய வாடகை அனெக்ஸில் இருந்துகொண்டு வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி வருவதாக வீட்டில் அரை மனதோடு பேசி வைத்திருந்தோம். வீட்டுக்கார அன்ரிக்கு அன்று பின்னேரம் பதில் சொல்வதாக வாக்கும் கொடுத்தாகிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் மகளின் முகம் பார்க்காமல் இருக்க என்னால் ஏலாது. அதனால்தான் அம்புக்குறி வராததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

திரையை மூடித் திறந்தேன். கணினியையே நிறுத்திப் போட்டேன். மறுபடியும் பொட்டு மட்டும்.

எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் அக்கா கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். “சந்தனம் கீபோர்ட்டுக்குள்ள போயிருக்குமோ?” என்றார்.

சந்தனம் வந்தது வாணி விழாவால். சரஸ்வதி பூசைக்குக் கணினியையும் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டு, ஒரு நாள் முழுக்கக் கை வைக்காமல் இருந்து, விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்துத் திறப்பது எங்கள் வழக்கம். இந்த முறை, முந்தின நாள், திறக்கப் போன நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“நல்ல நாளும் அதுவுமா இந்தக் கறுப்புத் திரையிலயா தொடங்கப் போறீங்கள்? மஞ்சளா ஒண்டும் இல்லையா?”

மஞ்சளாக ஒன்று இருந்தது. கொழும்பு எங்கள் விண்டோஸ் கணினிக்குள் ஒரு ஒத்திசைவுச் சூழலைப் போட்டுத் தந்திருந்தது. லினக்ஸ் கணினிக்காக எழுதிய கட்டளைகள் விண்டோஸிலும் ஓடுவதற்கான ஏற்பாடு அது. கோப்புகளைக் கொழும்புக்கு அனுப்ப மட்டும் அதைப் பாவிப்போம். அதற்கென்று அழகான ஒரு சாளரம் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்புறத்துக்கு விரும்பிய நிறம் கொடுக்கலாம். நானும் உற்சாகத்தில் நல்ல மஞ்சள் நிறமாகத் தெரிவுசெய்து, கணக்கு நிரல் அந்தச் சாளரத்துக்குள் திறக்கும்படி மாற்றிவிட்டேன். பழைய கறுப்புத் திரையைத் திறக்கிற சின்னப் படத்தையும், இனி எதற்கு என்று, முகப்பிலிருந்து அழித்துவிட்டேன். அக்கா கற்பூரம் காட்டினார். மஞ்சள் திரை பளிச்சென்று விரிந்தது. “பாருங்கோ, எவ்வளவு வெளிச்சமா இருக்கு!” என்றார். இருவரும் கும்பிட்டுவிட்டு மூடிவைத்துக் கடலை சாப்பிடப் போனோம். அதில் அம்புக்குறி இருந்ததா என்று இருவரில் ஒருவரும் பார்க்கவில்லை.

அன்று காலையும் நான் மஞ்சள் திரையைச் சந்தேகப்படவில்லை. நல்ல நேரத்தில் திறந்த ஒன்றைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. மற்ற எல்லாவற்றையும் சந்தேகித்தேன். இணையத்தில் தேடினால் புரொம்ப்ட் எப்படித் தெரிய வேண்டும் என்று நிரலின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதியிருக்கும், அந்த வரி அழிந்திருக்கும் என்றார்கள். போய்ப் பார்த்தேன், வரி அதன் இடத்தில் சமர்த்தாக இருந்தது. நிரலை அழித்துத் திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டேன். மணி பத்தரை. கொழும்பைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனால் கணக்குப் போடத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன நான், கடைசி நாளில் திரை திறக்கவில்லை என்று எந்த முகத்தோடு கேட்பது?

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கப்பலைச் சுற்றி வள்ளத்தில் போய் எண்களை வாசிக்கிற எங்கள் கிண்ணியா ஊர்க்கார நானா; முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்.

“தங்கச்சி, எண்கள எடுத்த படம் போகுதில்ல, சிக்னல் சரியில்ல. சொல்லுறன், எழுதிக்கங்க. முன்னுக்கு இடப்பக்கம் மூண்டு தசம் நாலு ரெண்டு…”

கடதாசி தேட நேரமில்லை. நான் முன்பு டைப்பிங் படிப்பித்தவள், காதில் விழுவதை விரல் தானாக அடித்துவிடும். எதிரே திறந்து கிடந்த மஞ்சள் திரையிலேயே, நோட்டுப் புத்தகம் போல, ஒரு வரிக்கு ஓர் எண்ணாக அடித்துக்கொண்டே போனேன். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. ஆறு எண்களையும் நானாவுக்கு வாசித்துக் காட்டிச் சரிபார்த்தேன்.

“எல்லாம் சரிதானே தங்கச்சி? கப்பல் ரெண்டு மணிக்குப் போகுதாம், வெளிய கொண்டுபோற பைலட் ரெடி.”

“ஓம் நானா, எல்லாம் சரி” என்று பச்சைப் பொய் சொல்லி வைத்தேன்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஊருக்கே தெரியும். எண்களை ஒரு கடதாசியில் எழுதி எடுத்துக்கொண்டு, அந்தத் திரையை ‘போய்த் தொலை’ என்று மூட நினைத்தேன். அதுவரை ஒவ்வொரு தடவையும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தித்தான் மூடியிருந்தேன். இந்த முறை மேசை அதிர எக்ஸிட் என்று எழுத்தாலேயே அடித்தேன்.

மடமடவென்று திரை நிறைந்தது! அம்புக்குறி, அதற்குப் பக்கத்தில் ‘இந்தக் கட்டளை எனக்குப் புரியவில்லை’. மறுபடி அம்புக்குறி, ‘புரியவில்லை’. ஆறு எண்ணுக்கும் ஆறு திட்டு. கடைசியாக ஓர் அம்புக்குறியும், போய்வருகிறேன் என்ற வரியும். என் வாழ்க்கையில் திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

“அக்கா! இது செத்துப்போகேல்ல! நான் சொன்னது எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கு!”

அக்கா ஓடிவந்தார். “அப்ப ஏன் இவ்வளவு நேரமும் வாயைத் திறக்கேல்ல?”

அதுதானே கேள்வி! ஆனால் மணி பதினொன்று ஆகிவிட்டது, எனக்கோ அவசரம். கேட்கிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டே கணக்கைப் போட்டுவிடலாமே என்று தோன்றியது. கேள்விகள் எந்த வரிசையில் வரும் என்பது மூன்று மாதத்தில் மனப்பாடம். வெற்றுத் திரையில் புதிய கணக்கு என்று தொடங்கி, எண்கள், கடல்நீரின் அடர்த்தி, எண்ணெய், குடிநீர் என்று ஒவ்வொன்றாக அடித்து எக்ஸிட் கொடுத்தேன். கொட்டியதைப் பார்த்தால், கப்பலில் இருந்ததை விட மூன்று மடங்கு கோதுமை இறங்கியிருந்தது. கப்பல் பின்பக்கம் அதிகம் தாழ்ந்திருக்கிறதே, திருத்தம் சேர்க்கவா என்று அது நடுவில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது. நான் அதைக் காணாமல் அடர்த்தியைச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு பதில் இடம் தவற, அதற்குப் பிறகு எல்லாப் பதிலும் ஒரு கேள்வி தள்ளியே போயிருந்தது.

அப்போதுதான் புத்தி வந்தது. இணையத்தில் அதுவரை ‘புரொம்ப்ட் வரவில்லை’ என்று தேடியதை விட்டு, ‘மூடிய பிறகுதான் எல்லாம் வருகிறது’ என்று தேடினேன். முதலாவது பதிலிலேயே விடயம் இருந்தது. இப்படிப்பட்ட நிரல், தன் எதிரே உண்மையான திரை இருக்கிறதா, திரைக்கு முன்னால் ஆள் இருக்கிறாரா என்று முதலில் பார்க்குமாம். ஆள் இருந்தால் அம்புக்குறி காட்டி உடனுக்குடன் பேசும். வேறொரு நிரலின் குழாய்க்குள் எழுதுவதாகப் பட்டால், ஆளில்லாத இடத்தில் எதற்குக் கதை என்று, சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைத்துக் கடைசியில் மொத்தமாகக் கொட்டும். என் அழகான மஞ்சள் சாளரம் லினக்ஸ் வழக்கப்படி செய்தது. எங்கள் கணக்கு நிரலோ அசல் விண்டோஸ் நிரல். அதன் கண்ணுக்கு அது திரையே இல்லை, வெறும் குழாய்.

நான் கதிரையிலிருந்து துள்ளி எழுந்த வேகத்தில், டவுனுக்குள் மாடு போலத் திரியும் மான்களில் வாசலில் படுத்திருந்த ஒன்று எழுந்து ரோட்டுக்குப் போய்விட்டது.

“அக்கா, மஞ்சள்தான் பிழை. கறுப்பைத் திறக்க வேணும்.”

அக்காவின் முகம் ஒரு நிமிடம் சுருங்கியது. சாமிப் படத்தைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று இருபத்தைந்து. “அம்மாளாச்சி, மன்னிச்சுக்கொள்ளணை” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, “திறங்கோ பிள்ளை, கெதியா!” என்றார்.

முகப்பில் அழித்த படத்துக்குப் பதிலாக, விண்டோஸின் சொந்தக் கறுப்புத் திரையை எடுத்து, நிரலின் பெயரை நானே அடித்தேன். அடித்து விரலை எடுப்பதற்குள் அம்புக்குறி வந்து நின்றது. எனக்கு அதைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அக்கா உண்மையிலேயே கும்பிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் சந்தோஷம்தான். அது கேட்டது, நான் சொன்னேன். திருத்தம் சேர்க்கவா என்று கேட்டதும், “ஓம், சேர்!” என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே அடித்தேன். அக்கா பக்கத்தில் நின்று கடதாசியிலிருந்து ஒவ்வொரு எண்ணாக உரத்து வாசித்தார். விடை வந்தது. ஒருமுறைக்கு இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், அதே விடை. பதினொன்று ஐம்பத்தொன்றுக்குக் கோப்புக் கொழும்புக்குப் போனது.

பழைய கறுப்புத் திரைக்கும் மஞ்சள் நிறம் பூசலாம் என்பதும், இரண்டு நிமிட வேலைதான் என்பதும் ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பன்னிரண்டே கால் வரைக்கும் பதில் இல்லை. அக்கா தேநீர் ஊற்றித் தந்தார், இருவரும் குடிக்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. உங்கள் விடையும் நாங்கள் தனியாகப் போட்டுப் பார்த்த விடையும் ஒன்றாக இருக்கிறது. அடுத்த கப்பலிலிருந்து நாங்கள் போடப்போவதில்லை, திருகோணமலையே போடட்டும்.

நான் அதை நாலைந்து தடவை வாசித்தேன். கணவருக்கு எடுத்தேன், வகுப்பில் இருந்தார் போலும், எடுக்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வெளியே கடற்பக்கம் போய் நின்று வெள்ளவத்தை அன்ரிக்கு எடுத்தேன்.

“ஓம் பிள்ளை, சொல்லுங்கோ. எப்ப வாறியள்? அறையை வெள்ளையடிச்சு வைச்சிருக்கிறன்.”

“நான் வரேல்ல அன்ரி.”

“ஏன், அறை பிடிக்கேல்லையோ?”

“நல்ல அறை அன்ரி. குறை ஒண்டும் இல்லை. எனக்கு இஞ்சயே வேலை எண்டு சொல்லிட்டினம். நான் என்ர வீட்டிலதான் இருக்கப் போறன், பிள்ளையோட.”

முன்பின் முகம் பார்த்திராத அந்த மனுசிக்குக்கூட என் குரல் மாறியது விளங்கிவிட்டது.

“அதுக்கேன் பிள்ளை அழுறியள்?” என்றார்.

அழவில்லை அன்ரி என்று சொல்லிக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தேன்.