அவள் ஊர் ஸ்பானிஷ்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது ஒரு ஞாயிறு காலையில், மொன்றியல் செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக் குசினியில். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்கத் திரும்பினாள். வாய் ஒரு பக்கம் இழுத்தது. கேள்வி பாதியில் நின்றது. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் சரிந்துவிட்டாள்.

உயிர் தப்பியது. ஆனால் ஆஸ்பத்திரியில் கண் திறந்து அவள் பேசத் தொடங்கியபோது, பேசியது பிரெஞ்சு அல்ல.

நான் யாழ்ப்பாணத்தான். அவள் தென் சிலியில், மழை ஓயாத ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவள். புதிதாக வந்தவர்களுக்கு இங்கே நடத்தும் பிரெஞ்சு வகுப்பில்தான் சந்தித்தோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. இருவருக்கும் அரைகுறையாக வந்த பிரெஞ்சில்தான் காதலித்தோம், சண்டை பிடித்தோம், ஒரு மகளை வளர்த்தோம். நாளடைவில் அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட எவ்வளவோ மேலே போய்விட்டது. ஒரு கார்டரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தப் பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பிரெஞ்சில் பாடிவிட்டு, மாலையில் தொண்டை கட்டி வருவாள்.

ஸ்பானிஷை அவள் வீட்டில் பேசவே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அங்கே வேறு நாடுகளிலிருந்து வந்த ஸ்பானிஷ் பேசும் பெண்கள் அவள் வாய் திறந்தாலே சிரித்தார்களாம். வாய்க்குள் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டா பேசுகிறாய் என்று கேட்டார்களாம். அவள் ஊரில் சொற்களின் வாலை விழுங்கிவிடுவார்கள். வேறெங்கும் இல்லாத சொற்களும் கணக்கில்லாமல் உண்டு. எனக்கு அது புரிந்தது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "சார் மலையாளமா?" என்று கேட்டபோது நானும் அன்று முழுக்க வாயை மூடிக்கொண்டு திரிந்தவன்தான். அதன்பிறகு அவள் தன் மொழியைத் தமக்கையோடு மட்டும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொலைபேசியில் பேசினாள். தமக்கையும் இரண்டு வருடங்களுக்கு முன்பு இறந்துபோனாள். ஊரில் வேறு யாரும் இல்லை.

அந்த மொழி மட்டும்தான் இப்போது அவளிடம் மிஞ்சியிருந்தது.

"நான் இருக்கிறேன், பயப்படாதே" என்று பிரெஞ்சில் சொல்லி அவள் கையைப் பிடித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்நியன் திடீரென்று கையைப் பிடித்தால் ஒரு பெண் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எங்களை உட்காரவைத்து விளக்கினார். பின்னாளில் கற்ற மொழி அழிந்து, சின்னப் பிள்ளையில் பேசிய மொழி நிற்பது உண்டு. திரும்பி வரலாம், வராமலும் போகலாம். நல்லவர்தான், ஆனால் அவருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்தார்கள். வந்தவர் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். நாக்குக் குழறுகிறது, பாதிச் சொற்கள் நான் அறியாதவை என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

மிச்சத்தை நானும் மகளும்தான் பார்க்கவேண்டியிருந்தது. மகளுக்கு இருபத்துநான்கு வயது. கல்லூரியில் ஒரு வருடம் ஸ்பானிஷ் படித்திருந்தாள். அந்தப் படிப்பும் கைத்தொலைபேசி அகராதியும்தான் எங்கள் கையில் இருந்தவை.

முதலில் பிடிபட்டது "அல் தீரோ". என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அல் தீரோ, அல் தீரோ" என்று கெஞ்சினாள். மகள் தேடிப் பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போய் என் காதில் சொன்னாள்.

"அப்பா, தீரோ எண்டா வெடி. துவக்கு வெடி."

வெடி என்றால் என்ன என்று எனக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்லத் தேவையில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது அவள் நாட்டில் இராணுவ ஆட்சி. எதையோ கண்டிருக்கிறாள், இத்தனை வருடமும் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எனக்கு வாயில் வந்த தமிழில், "இஞ்ச ஒருத்தரும் சுடமாட்டினமம்மா, சுடமாட்டினம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் திமிறி விலகினாள்.

மாலையில் ஜன்னல் இருளத் தொடங்கினால் "ஓன்சே" என்பாள். ஓன்சே என்றால் பதினொன்று. எண்கள் திரும்பி வருகின்றன என்று பயிற்சியாளர் மகிழ்ந்து, பெரிதாகப் பதினொன்று எழுதிய அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். என் மனைவி நல்ல கையால் அதைத் தட்டிவிட்டு அழுதாள்.

எல்லாவற்றிலும் மோசம் குவாகுவா.

"லா குவாகுவா எஹ்தா சோலா." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். கட்டிலில் இருந்து ஒரு காலைத் தொங்கப்போட்டபடி, கதவைப் பார்த்தபடி சொன்னாள். அந்த வார்டில் கரீபியத் தீவொன்றிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் இருந்தார். ஸ்பானிஷ்தான் அவருடைய தாய்மொழி. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"குவாகுவா என்றால் பஸ்" என்றார் சந்தேகமில்லாமல். "பஸ் தனியாக நிற்கிறது என்கிறார்." பிறகு என் தோளில் கைவைத்து, "மூளை கொஞ்சம் குழம்பியிருக்கிறது ஐயா. கவலைப்படாதீர்கள்" என்றார்.

பஸ் தனியாக நிற்கிறது. அதன்பிறகு எல்லோரும் அவளை மனம் தடுமாறியவளாகத்தான் பார்த்தார்கள். பஸ் பிடித்து வீட்டுக்குப் போகப் பார்க்கிறாள் என்று நானும் நம்பினேன். ஒரு நாள் எவரும் பார்க்காத நேரத்தில் கட்டிலை விட்டு இறங்கி விழுந்து, நெற்றி வீங்கிப்போனது. அதற்குப் பிறகு, அசைந்தால் சத்தமிடுகிற ஒரு கருவியைக் கட்டிலில் பொருத்தினார்கள். அது அலறும்போதெல்லாம் அவளும் சேர்ந்து அலறினாள்.

அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு நடையின் கோடியில் இருந்த ஜன்னலுக்குப் போனேன். கீழே பஸ் தரிப்பிடம் தெரியும். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் ஒன்று வந்து நின்றது. "பார், குவாகுவா!" என்று விரலை நீட்டினேன். அவள் பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அசைகிற ஒரே கையால் என் நெஞ்சில் குத்தினாள். பலம் இல்லாத குத்து. நான் அப்படியே நின்று வாங்கினேன். வேறென்ன செய்வது?

கர்க்லாண்டில் இருக்கும் என் அக்கா சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் மனைவி சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தா.

"என்னடா தம்பி, குழந்தைப்பிள்ளை அழுற மாதிரிக் குவா குவா எண்டுறா?"

"பஸ்ஸைக் கேக்கிறாவாம் அக்கா."

"பஸ்ஸுக்கு ஆராவது இப்பிடி அழுவினமோ?"

"எனக்கென்ன தெரியும்? அக்கா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இருபத்தாறு வருசம் ஒண்டா இருந்திருக்கிறன், இவ என்ன கேக்கிறா எண்டு எனக்கு விளங்கேல்லை."

குரல் உயர்ந்துவிட்டது. தாதி எட்டிப் பார்த்தா. அக்கா என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் இருத்தினா. நான் அங்கே இருந்து, வாயைப் பொத்திக்கொண்டு, வாய்விட்டு அழ முடியாத ஓர் அழுகை அழுதேன். நான் சாமான் ஏற்றி இறக்கும் கிட்டங்கியில் லீவு முடிந்துகொண்டிருந்தது. அவளை ஒரு பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்புவது பற்றி ஆஸ்பத்திரியில் மெதுவாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அங்கே யார் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

மகள்தான் வழி சொன்னாள். "ஸ்பானிஷ் தெரிஞ்ச ஆள் காணாதப்பா. சிலி ஆள் வேணும்." தாய் பேசுவதைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்தாள். ஒரு சனிக்கிழமை, எம்பனாடா விற்கும் சின்னக் கடையொன்றைத் தேடிப் போனோம். எம்பனாடா, உள்ளே இறைச்சி வைத்து மடிக்கிற எங்கள் பற்றிஸ் மாதிரித்தான், அளவில் பெரிது. கடைக்காரப் பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். ஆறு எம்பனாடா கட்டச் சொல்லிவிட்டு, இதைக் கொஞ்சம் கேட்க முடியுமா என்று பிரெஞ்சில் கேட்டேன்.

அந்தப் பெண் இரண்டு வசனம் கேட்டார். கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த வானொலியை நிறுத்தினார்.

"இன்னொரு முறை போடுங்கள்."

போட்டோம்.

"தெற்குப் பக்கத்துப் பெண்" என்றார். "யாரிவர்? உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா?"

"இல்லை."

"குழந்தை தனியாக இருக்கிறது என்கிறாரே. குழந்தையோடு யார் இருக்கிறார்கள், உடனே போங்கள், உடனே போங்கள் என்று கெஞ்சுகிறாரே."

"குவாகுவா என்றால் பஸ் இல்லையா?"

"அது தீவுக்காரர்களுக்கு. எங்களுக்குக் கைக்குழந்தை." கையைத் தொட்டில்போல் வளைத்துப் பிடித்து, அழுது காட்டினார். "குவா, குவா. கேட்கவில்லையா?"

தமிழில் குழந்தை அழுகிற சத்தத்தை நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம். அக்காவுக்குக் கேட்டது. எனக்கு ஏன் கேட்கவில்லை?

அல் தீரோ என்றால் அவர்கள் ஊரில் "இப்போதே". வெடியும் இல்லை, துவக்கும் இல்லை. ஓன்சே மாலைத் தேநீர், பாணும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சாப்பிடுவது. அதற்கு ஏன் பதினொன்று என்று பெயர் வந்தது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு மாலையும் அவள் கேட்டது ஒரு கோப்பைத் தேநீர். நாங்கள் கொடுத்தது இலக்கம் எழுதிய அட்டை.

வெளியே வந்ததும் மகள் பக்கத்து டெப்பனர் கடை வாசலில் சாய்ந்துகொண்டு நின்றுவிட்டாள். எம்பனாடாப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"அது நான்தானப்பா. என்னைத்தான் தேடுறா. நான் பக்கத்திலையே இருக்கிறன், என்னைத் தேடுறா."

குழந்தை தூங்குகிறது என்று எப்படிச் சொல்வது என்று கடைக்காரப் பெண் சொல்லிக்கொடுத்திருந்தார். மெட்ரோவில் மகள் உதட்டை அசைத்து அசைத்துப் பழகிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் தாய் வழக்கம்போல ஒரு காலைத் தொங்கப்போட்டிருந்தாள். மகள் குனிந்து சொன்னாள்:

"லா குவாகுவா எஹ்தா ஆசியெந்தோ தூத்தோ."

குழந்தை தூத்தோ செய்கிறது. தூத்தோ என்றால் குழந்தைகளின் தூக்கம். அந்தச் சொல் அவர்கள் ஊரைத் தாண்டினால் செல்லுபடியாகாதாம்.

என் மனைவி அசையாமல் மகளைப் பார்த்தாள். "தாபாதீத்தா?" என்று கேட்டாள்.

அது எங்களுக்குத் தெரியாத சொல். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு துணிந்து, "சீ, தாபாதீத்தா" என்றாள். ஆம் என்றுதான் சொன்னாள். என் மனைவி பெருமூச்சு விட்டு, காலை மேலே இழுத்துக்கொண்டு படுத்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு அவள் நிம்மதியாக உறங்கி நான் பார்த்தது அன்றுதான். போர்த்திவிட்டாயா என்று கேட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. மகள் கட்டில் சட்டத்தில் தலையை வைத்து அழுதாள். தான் யாரென்று தாய்க்குத் தெரியவில்லை என்பது அவளுக்கும் விளங்கிவிட்டது.

அடுத்த நாள் காலை மறுபடியும் குவாகுவா தனியாக இருந்தது. மறுபடியும் சொன்னோம். ஒவ்வொரு நாளும் சொன்னோம்.

கடைக்காரப் பெண் கடை பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் வந்தார். சூடான பாண் கொண்டுவருவார். அவர் வாய் திறந்ததும் என் மனைவியின் பாதி முகம் மலர்ந்தது. இருவரும் சொற்களின் வாலை விழுங்கி விழுங்கிப் பேசினார்கள். அவள் சிரித்தாள். இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத சிரிப்பு, தொண்டைக்குள்ளிருந்து வந்தது. நான் சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது மின்தூக்கிக்கு முன்னால் கேட்டேன். "என்ன பேசினீர்கள்?"

"மழை. படகுகள். தன் அக்காவைப் பற்றி. அக்கா எப்போது வருவாள் என்று கேட்டார்."

"என்னைப் பற்றி ஏதாவது?"

அவர் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாதவர். "அந்தக் கபயேரோ நல்லவர், தினமும் வருகிறார் என்றார்." கபயேரோ என்றால் பெரிய மனிதர், ஐயா. எங்கள் ஊரில் பெயர் தெரியாத ஆண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம் என்றார்.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். மேல்மாடி வீட்டை விட்டு, அதே தெருவில் கீழ்த்தள வீடொன்றுக்கு மாறினோம். நான் இரவு வேலைக்கு மாறிக்கொண்டேன், மகள் எங்களோடு வந்து இருக்கிறாள். பிரெஞ்சில் நன்றி சொல்லும் "மெர்சி" மட்டும் திரும்பி வந்தது. இனிப் பெரிதாக வராது என்று சொல்லிவிட்டார்கள். குழந்தையைத் தேடுவது குறைந்திருக்கிறது. எனக்கு அவளுடைய சொற்கள் நூறாவது தெரியும். வயிறு குவாத்தா. மாலையில் ஓன்சே எடுத்துவைப்பேன். அவள் நீளமாகப் பேசினால் நாலில் ஒன்று பிடிபடும். பிடிபடாதபோது அவள் கோபப்படுவாள், நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.

போன வாரம் துணிந்து சொன்னேன். பல நாள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வசனம். "சோய் து மாரீதோ." நான் உன் கணவன்.

அவள் கோபப்படவில்லை, பயப்படவும் இல்லை. தவறான கதவைத் தட்டிய ஒருவருக்கு வழி சொல்வதுபோல, நிதானமாகச் சொன்னாள். சின்ன வசனம், ஒரு சொல்கூடத் தவறாமல் எனக்கு விளங்கியது.

"என் கணவர் பிரெஞ்சு பேசுவார்."

நான் பிரெஞ்சில் பேசினேன். வகுப்பில் முதல் நாள் அவள் என் பேனையை வாங்கியது, எங்கள் முதல் சண்டை, மகள் பிறந்த நாளின் பனி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், தெரியாத மொழியில் வானொலி ஓடினால் கேட்பதுபோல. நான் முடித்தபோது இன்னொரு துண்டு பாண் கேட்டாள்.