குளிர் வரக் கும்பிட்டவள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம், நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியிருக்கும் குளிர்நாட்டில், மல்வேர்னில் என் தங்கச்சி வீட்டில் நடந்தது இது. அந்த முறை மாசியிலேயே வெயில் எறித்தது. கூரைப் பனி உருகி வடிந்துகொண்டிருந்தது. தெருவில் ஆட்கள் குளிர் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுச் சிரித்துக் கதைத்துக்கொண்டு போனார்கள். உள்ளே நாங்கள் போன் அடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

தங்கச்சியின் ஒரே மகன் மேற்கே, மலைப்பக்கத்தில் வேலை செய்தவன். சிநேகிதர்களோடு பனிமலைக்குப் போன இடத்தில், மேலிருந்து பனி சரிந்து மூடிவிட்டது. மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். இவனைக் காணவில்லை. முதல் நாள் தேடினார்கள். அடுத்த நாள் மழையும் வெக்கையும் தொடங்க, தேடுவதை நிறுத்திவிட்டார்கள். உயிரோடு இருக்க வழியில்லை என்று பொலிஸ் சொல்லிவிட்டது.

உடல் இல்லாமல் எதைச் செய்வது? கிரியைக்கு நாள் வைக்க முடியாது. செத்தவீடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. அடுப்பு மூட்டலாம் என்றார்கள் சிலர், கூடாது என்றார்கள் சிலர். சனம் கொண்டுவந்த சாப்பாடு மூடினபடியே கிடந்தது. சாவுத் துடக்கு, சாமியறையில் விளக்கு வைக்காதே என்று நான் சொன்னதற்குத் தங்கச்சி சீறினாள்.

"ஆற்ர துடக்கு? என்ர பிள்ளையை நீங்கள் கண்டனீங்களோ?"

விளக்கை ஏற்றிவிட்டு அம்மனிடம் ஒன்றைத்தான் கேட்பாள். "அவனுக்குக் குளிருமம்மா. நல்லா வெயில் எறிக்கட்டும்."

அவளின் மனுசன் தினமும் அந்த மலைப்பக்கத்துப் பொலிசுக்குப் போன் எடுத்துக் கத்துவார். "வெள்ளைக்காரன்ர பிள்ளையெண்டால் இப்பிடி விட்டிட்டு இருப்பியளோ?" என்று தமிழிலேயே கேட்பார். என் மகள்தான் அதைப் பதமாக ஆங்கிலத்தில் சொல்லிச் சமாளிப்பாள்.

ஒருநாள் மத்தியானம், அங்கே பனியைச் சோதிக்கும் பெண்ணொருத்தி வீடியோவில் வந்தாள். என் மகளின் வயதுதான் இருக்கும். ஆபத்தில்லாத இடமொன்றில் இடுப்பளவு குழி வெட்டியிருந்தாள். குழியின் சுவரில் பனியைத் தூண்போல அறுத்து, அதன் தலையில் பனி அள்ளும் சவளை வைத்து, விரல் நுனியால் மெல்லத் தட்டினாள். தட்டத் தொடங்கியதுமே மேல்பாதி அப்படியே வழுக்கி அவள் காலடியில் விழுந்தது. நடுவில் இருந்த ஒரு பனிப்படை ஈரச் சீனிபோல உதிர்ந்தது.

"சித்தி, உள்ளுக்குப் பிடிப்பில்லையாம்," என்றாள் மகள். "தம்பி கிடக்கிற இடத்துக்கு மேலயும் இப்பிடித்தான் பனி தொங்குதாம். இந்த வெக்கை போய், நல்லா உறைஞ்சு இறுகினால்தான் ஆக்களை விடலாமாம்."

தங்கச்சி போனைக் கிட்ட இழுத்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறாவோ எண்டு கேள்."

இருக்கிறாவாம்.

"அப்ப ஏறவேண்டாமெண்டு சொல்லு. என்ர பிள்ளை கிடக்கட்டும்."

எழும்பிச் சாமியறைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். சின்ன வயதில் அவன் பள்ளிக்கூடம் போகும்போது, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கையுறையை இன்னொருமுறை பார்த்து அனுப்பினவள் அவள். அதே வாயால் அவள் வேண்டியதை என் காதால் கேட்டேன்.

"குளிரைக் குடு அம்மா. நல்லாக் குளிரட்டும்."



அதற்கிடையில் அந்தச் சரிவு இன்னொருமுறை இடிந்ததாம். அப்போது அங்கே யாரும் இருக்கவில்லை. பிறகு குளிர் வந்தது. அவனை எடுத்துக் கொண்டுவந்து தந்தார்கள். தேடப் போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். செத்தவீட்டில் அவன் கன்னத்தில் வைத்த கையைத் தங்கச்சி நெடுநேரம் எடுக்கவில்லை.

இப்போதும் மாசியில் வெயில் எறித்தால் கோயிலில் சனம் சந்தோசப்படும். நானோ அம்மனிடம் ஒன்றைத் தா என்று கேட்க வாய் எடுக்கும்போதெல்லாம், இது எந்தத் தாயின் பிள்ளைமேல் போய் விழுமோ என்று பயந்து, கும்பிட்ட கையோடு சும்மா நின்றுவிட்டு வருகிறேன்.