குறையைச் சொன்ன வாய்

சுவிற்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் எங்கள் தமிழ் ஆட்கள் பிறந்தநாள் கொண்டாடினால் மண்டபம் பிடித்து, மேடை சோடித்து, ஊரையே கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். மற்றப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடுவார்கள். நான் குளிர்ச்சட்டைகள் தொங்கும் மூலைக்குள் புகுந்து புத்தகத்தை விரித்துவிடுவேன். அந்தப் பிள்ளை ஒரு மாதிரி என்று சனம் கதைத்தது. அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என் சாப்பாட்டை அந்த மூலைக்கே கொண்டுவந்து தருவார்.

பள்ளிக்கூடத்திலும் அதே கூத்துத்தான். இடைவேளையில் எல்லோரும் பனி எறிந்து விளையாட, நான் படிக்கட்டில் இருந்து வாசிப்பேன். நான்காம் வகுப்பில் ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மாவுக்கு ஜேர்மன் அவ்வளவாக வராது. எங்கள் வீடுகளில் இப்படியான சந்திப்புகளுக்குப் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். என் வயதுக்காரர் இதில் பலே கெட்டிக்காரர்கள்: ரீச்சர் பத்துக் குறை சொன்னால் தாய்தகப்பனுக்கு இரண்டுதான் போய்ச் சேரும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எழுதியிருப்பதை அப்படியே வாசித்துப் பழகிய மண்டு நான்.

அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை முடித்து, உடுப்பு மாற்றி வந்திருந்தார். ரீச்சர் சொல்லச் சொல்ல ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னேன். பிள்ளை யாரோடும் சேர்வதில்லை, வாய் திறந்து கதைப்பதில்லை, அடுத்த வருடம் பின்தங்கிய பிள்ளைகளின் விசேட வகுப்புக்கு மாற்றுவது நல்லது, இந்தத் தாளில் கையொப்பம் வேண்டும். அந்த வகுப்பு வேறு கட்டடத்தில் இருந்தது. அங்கே நூலகம் கிடையாது. ஆனாலும் அதையும் மறைக்காமல் சொல்லித் தொலைத்தேன்.

அம்மா பேனாவைத் தொடவில்லை. நிதானமாகச் சொன்னார்:

"பிள்ளைக்குக் கதைக்கத் தெரியாதெண்டு சொல்லுறா. அப்ப இவ்வளவு நேரமும் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில இருந்து கதைச்சது ஆரெண்டு கேள்."

என்னைப் பற்றி நல்லதை என் வாயாலேயே எப்படிச் சொல்வது? அப்படிக் கேட்க ஏலாது என்று முணுமுணுத்தேன்.

"உன்ர குறையெல்லாம் ஒண்டும் விடாமச் சொன்னனி. இதையும் சொல்லு."

சொன்னேன். ரீச்சர் தாளைத் தன் பக்கம் இழுத்து, கையொப்பம் இல்லாமலே மேசை லாச்சிக்குள் வைத்தார்.

அம்மா வெற்றிச் சிரிப்பு ஒன்றும் சிரிக்கவில்லை. "டாங்கே" என்று ஜேர்மனிலேயே நன்றி சொல்லிவிட்டு எழும்பினார். என்ன மனுசி அவர்! எனக்காக வாதாட வந்தவர், வாதாடும் வேலையை என்னிடமே தந்துவிட்டார்.