வெங்காயக் குழம்புச் சோறு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருப் பட்டுக் கிடங்குக்கு மீசைக்காரர் ஒருவர் காவல் இருந்தார். வெங்காயக் குழம்புச் சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையைத் தன் நாய்க்குத்தான் ஊட்டுவார். ஒருநாள் நாய் ரத்தமாக மூத்திரம் போய், துவண்டு செத்தது. நாயை அடிக்கடி விரட்டிய எதிர்வீட்டுச் சாயக்காரர்தான் விஷம் வைத்தார் என்று, காவல்காரர் தடியால் அவருடைய வலது கையை உடைத்துவிட்டார்.

பிறகு வந்து செத்த நாயைப் பார்த்த மாட்டு டாக்டர், "இதுக்கு என்னப்பா போட்டே?" என்று காவல்காரரைக் கேட்டார்.

"வெங்காயக் குழம்புச் சோறு சார், தினமும்."

"அந்த வெங்காயம்தாம்பா கொன்னுது. நாய்க்கு அது ஆகாது."

காவல்காரர் நேரே சாயக்காரரிடம் போய்த் தடியை நீட்டித் தலை குனிந்தார். "அடிபா."

சாயக்காரர் இடது கையால் ஓங்கி அடித்தார். மண்டை பிளந்தது.

"இது உன் கைக்கு. நாய்க்கு இன்னொண்ணு அடிபா."

சாயக்காரர் தடியைப் போட்டுவிட்டார். ரத்தம் சொட்டச் சொட்ட, நாங்கள் எவ்வளவு கூப்பிட்டும், காவல்காரர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.